சாட்சியின் சொல்லும் ஏட்டின் சொல்லும்

கவிதைக்குத் திறனாய்வு உண்டு. கதைக்கும் நாடகத்துக்கும் உண்டு. உரையாசிரியர் ஒருவர் ஒரு சொல்லுக்குக் கொண்ட பொருளை மற்றொருவர் மறுத்து எழுதுவதும் நம் மரபுக்குப் புதிதன்று. ஆயின், ஒரு மனிதனின் கழுத்தைக் கயிற்றுக்குக் கொடுக்கவும் அக்கயிற்றினின்று மீட்கவும் வல்ல உரைநடை ஒன்று நம் நாட்டில் நாள்தோறும் எழுதப்பட்டு வருகின்றது. வழக்கறிஞர்கள் மேற்கோளுக்காக அதனைப் புரட்டுகின்றனர்; இலக்கிய ஏடுகளோ எடுத்துப் பார்ப்பதே இல்லை. நீதிமன்றத் தீர்ப்புகளையே குறிப்பிடுகின்றோம். அவற்றுள்ளும், குற்ற வழக்கில் ஒரு சாட்சியை நம்பலாம் அல்லது நம்பலாகாது என்று முடிவு கட்டும் பகுதிகளை மட்டும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். சட்டம் பயின்றவர் என்ற உரிமை நமக்கில்லை. சொல்லையும் அச்சொல் வந்த வழியையும் ஆராயும் கல்வியில் பழகியவர் என்ற அளவிலேயே பேசுகின்றோம்.

தொடங்குவதற்கு ஏற்ற தீர்ப்பு ஒன்று நம் பக்கத்திலேயே கிடைக்கின்றது. 1955 நவம்பர் 10ஆம் நாள் இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்து முத்துப்பேட்டையில், ஒரு தேநீர்க் கடையின் முன்னால் ஒருவர் கொல்லப்பட்டார். நம் வாசகர் பலருக்கு உறவும் வாணிகமும் உள்ள ஊர் அது. வழக்கு நின்றது ஒரே ஒரு சாட்சியின் சொல்லின் மீது. அவர் கொல்லப்பட்டவரின் மனைவி. மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஒருவர் சொல்லை மட்டும் கொண்டு ஓர் உயிரைப் போக்கலாமா, துணைச் சான்று வேண்டாவா என்பதே உச்ச நீதிமன்றத்தில் எழுந்த வினா. வடிவேலு தேவர் எதிர் சென்னை மாநிலம் என்ற பெயரில் 1957ஆம் ஆண்டு வெளிவந்த அத்தீர்ப்பை நீதிபதி பி.பி. சின்ஹா எழுதினார்.

1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, எந்த ஒரு செய்தியை மெய்ப்பிக்கவும் இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற கணக்கு இல்லை என்று உரைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்திலும் அது 139ஆம் பிரிவாக நிலைத்திருக்கின்றது. அதனை அடியாகக் கொண்டு சின்ஹா சாட்சிகளை மூவகைப்படுத்தினார். முழுதும் நம்பத்தக்கவர், முழுதும் நம்பத்தகாதவர், இவ்விரண்டும் அல்லாதவர். முதல் இரு வகையிலும் நீதிபதிக்கு இடர்ப்பாடு இல்லை. முதலாமவர் ஒருவரே போதும், இரண்டாமவரை ஒதுக்கிவிடலாம். மூன்றாம் வகையினர் வரும்போதே எச்சரிக்கையும் துணைச் சான்றும் வேண்டும். முத்துப்பேட்டைப் பெண்மணி முதல் வகையில் வைக்கப்பட்டார். சான்றின் தொகை குறைவு என்பதற்காகத் தண்டனையைக் குறைக்க இயலாது, சான்றின் தன்மை வேறு தண்டனையின் அளவு வேறு என்று கூறி மேல்முறையீடும் தள்ளப்பட்டது.

உரைநடை என்ற முறையில் இத்தீர்ப்பு நம்மை ஈர்க்கின்றது. தலையை எண்ணாதே, சொல்லை நிறுத்துப் பார் என்ற ஒரு கருத்தைச் சுற்றி வளைக்காமல் கூறுகின்றது. அதற்கு நான்காண்டு முன்னரே, 1953இல் தலீப் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் என்ற வழக்கில் நீதிபதி விவியன் போஸ் மற்றொரு முள்ளைக் களைந்திருந்தார். ஏழு ஆடவரின் கதி இரண்டு பெண்களின் சொல்லில் தொங்குகின்றது, ஆகவே துணைச் சான்று தேவை என்று உயர் நீதிமன்றம் எண்ணியது போலும். பெண்கள் என்பதே காரணமாயின் அப்படியொரு விதியை நாம் அறியோம் என்றார் போஸ். நெருங்கிய உறவினர் என்பதே காரணமாயின், உண்மைக் குற்றவாளியைத் தப்பவிட்டுக் குற்றமற்றவனை மாட்டிவைப்பதில் உறவினருக்குத்தான் மற்றெவரினும் விருப்பம் குறைவாக இருக்கும் என்றார். பகை இருக்கும் இடத்தில் குற்றவாளியோடு குற்றமற்ற ஒருவனையும் சேர்த்து இழுக்கும் நாட்டம் தோன்றக்கூடும் என்பதையும் அவர் மறக்கவில்லை. மனித உள்ளத்தை அறிந்தவர் எழுத்து.

இவை யாவும் தராசைப் பற்றிய பேச்சு. தராசு நன்று. தட்டில் வைக்கப்படுவது என்ன என்பதுதான் நம் கேள்வி. சாட்சி சொன்ன சொல்லா அங்கே வைக்கப்படுகின்றது?

ஒரு சொல் சாட்சியின் வாயினின்று புறப்பட்டு மேல் நீதிமன்றத்தின் மேசையைச் சென்றடையும் வழியைப் பின்தொடர்ந்து பார்ப்போம். முதலில் காவல் நிலையத்து எழுத்து. புலனாய்வு அதிகாரி சாட்சியை விசாரித்து அவர் கூறியதை எழுதிக்கொள்ளலாம் என்று 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161ஆம் பிரிவு கூறிற்று; இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 180ஆம் பிரிவு. அப்படி எழுதியதில் சாட்சியிடம் கையொப்பம் வாங்கலாகாது என்பது அடுத்த பிரிவு. கையொப்பத்தைக் காட்டிச் சாட்சியைக் கட்டிப்போடலாகாது என்ற நல்ல நோக்கம் அதற்கு உண்டு. ஆனால் அதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். எழுத்து அதிகாரியினுடையது, தொடரமைப்பும் அவருடையது, எதை எழுதுவது, எதை விடுவது என்ற தெரிவும் அவருடையது. மீன் விற்பவரும் பள்ளி ஆசிரியரும் திண்ணையில் அமர்ந்திருந்த கிழவியும் ஒரே நடையில், ஒரே வரிசையில், ஒரே சொற்களால் பேசியிருப்பதாக அவ்வாக்குமூலங்கள் காட்டும். பேசியவர் மூவராயினும் நடை ஒன்றே. அந்நடைக்கு உரியவர் கூண்டில் நிற்பவர் அல்லர் என்பதை எழுத்தறிந்த எவரும் உணர்வர்.

அடுத்தது நீதிமன்றத்துப் பதிவு. அமர்வு நீதிமன்றத்தில் சாட்சியத்தைப் பொதுவாகத் தொடர் உரையாகவே எழுதுவர். நீதிபதி விரும்பினால் வினாவும் விடையுமாக எழுதலாம். பழைய சட்டத்தின் 276ஆம் பிரிவு இதனைச் சொன்னது. வழக்கம் இன்றும் அதுவே. பொதுவிதி சிறு விதி போலத் தோன்றுகின்றது. அதன் விளைவோ பெரிது. வழக்கறிஞர் கேட்கின்றார்: "நீங்கள் கிழக்கே பார்த்து நின்றதால் தெருமுனையில் நடந்ததை முழுவதும் பார்த்திருக்க முடியாது, அப்படித்தானே?" சாட்சி, "ஆமாங்க" என்கின்றார். ஏட்டில் ஏறுவது இது: "நான் கிழக்கு நோக்கி நின்றிருந்தேன். ஆகவே தெருமுனையில் நடந்தவற்றை நான் முழுவதுமாகப் பார்த்திருக்க முடியாது." வினா மறைந்துவிட்டது, வழக்கறிஞரின் வாக்கியம் சாட்சியின் வாக்கியமாகிவிட்டது. அந்த 'ஆமாங்க' உடன்பாடா, கேட்டுக்கொண்டிருக்கின்றேன் என்பதற்கான 'உம்' கொட்டலா, பெரிய மனிதர் முன் மறுத்துப் பேசத் தயங்கும் நம் நாட்டு மரியாதையா என்பதை ஏட்டைப் படிப்பவர் அறிய வழியே இல்லை.

மறுப்புக்கும் ஒரு வாய்பாடு உண்டு. தமிழ்நாட்டு நீதிமன்றச் சாட்சியங்களைப் படித்தவர் அதனை மறக்கமாட்டார். 'நான் சம்பவ இடத்திலேயே இல்லை என்று சொன்னால் அது சரியல்ல. போலீசார் சொல்லிக் கொடுத்தபடி பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் அதுவும் சரியல்ல.' கணவனை இழந்த பெண் கூண்டில் நின்று என்ன குரலில், எந்தச் சொல்லால் அதை மறுத்தாரோ! ஏட்டில் எல்லாருக்கும் ஒரே 'சரியல்ல'தான்.

பிறகு வழக்கு மேலே செல்லுமாயின் மொழி மாறுகின்றது. தமிழில் பதிவான சாட்சியம் உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் ஆங்கிலத்தில் படிக்கப்படும். தமிழில் 'மாமா' என்பவர் தாயின் உடன்பிறந்தவராக இருக்கலாம், மாமனாராக இருக்கலாம், அத்தையின் கணவராக இருக்கலாம், தெருவில் மதிப்போடு அழைக்கப்படும் அயலவராகவும் இருக்கலாம். ஒரு நாள் மாமா என்றவரை மறுநாள் உறவினர் அல்லர் என்று சாட்சி கூறினால், தமிழ் அறிந்தவருக்கு அதில் வியப்பில்லை. மொழிபெயர்ப்பில் அதுவே முரண்பாடு; உறவை மறைத்தார் என்ற பழிக்கும் இடமாகும்.

நம் குடும்பங்களுக்கே உரிய பேச்சை எடுத்துக்கொண்டால் இன்னும் தெளிவாகும். நம்மவர் ஒருவர், "மஃரிபு பாங்கு சொல்லி முடிந்த கையோடு பார்த்தேன்" என்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். எழுதுபவர் அதனைக் கடிகாரத்துக்கு மாற்றி 'மாலை சுமார் 6.30 மணி' என்று குறிக்கின்றார். மஃரிபு சூரியனோடு நகர்வது. தமிழகக் கரையோரங்களில் நவம்பர் இறுதிக்கும் ஜூலைத் தொடக்கத்துக்கும் இடையே சூரியன் மறையும் நேரம் ஒரு மணிக்குச் சற்றுக் குறைவான அளவு வேறுபடும். நவம்பரில் பாங்கு முடிந்த கையோடு என்றால் முகம் தெரியும் அந்தி வெளிச்சம், கடிகாரத்தின் 6.30 என்றாலோ இருட்டு. "விளக்கில்லாத சந்தில் 6.30 மணிக்கு முகத்தை எப்படி அடையாளம் கண்டீர்?" என்ற குறுக்கு வினாவுக்கு அவர் என்ன விடை சொல்வார்? அவர் 6.30 என்று சொல்லவே இல்லையே.

இதனினும் கடுமையானது 'வெள்ளி இரவு'. சூரியன் மறைந்ததும் அடுத்த நாள் தொடங்குகின்றது என்பது நம் கணக்கு. ஆகவே நம் வீடுகளில் வெள்ளி இரவு என்றால் வியாழன் மறைந்து வெள்ளி விடியும் இரவு. யாசீன் ஓதும் அந்த இரவை எந்தப் பெண்மணியும் அப்படித்தான் குறிப்பார். அறியாத எழுத்தர் 'வெள்ளிக்கிழமை இரவு' என்று எழுதிவிட்டால் ஒரு நாள் முழுவதும் பிசகிவிடுகின்றது. நிகழ்ச்சி நாளையே அறியாத சாட்சி என்று அவர் ஒதுக்கப்படலாம். இவர் சின்ஹாவின் மூவகையில் எவ்வகை? சொன்னதில் முதல் வகை. எழுதியதில் இரண்டாம் வகை.

முரண்பாட்டை வைத்துச் சாட்சியை மதிப்பிடும் முறைக்கு அடிப்படையாக இன்றும் காட்டப்படுவது தஹ்சீல்தார் சிங் எதிர் உத்தரப் பிரதேச மாநிலம் என்ற 1959ஆம் ஆண்டுத் தீர்ப்பு. குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர் ஒரு சாட்சியிடம், அங்கே காஸ் விளக்கு இருந்ததைப் புலனாய்வு அதிகாரியிடம் கூறினீரா என்று கேட்டார். விசாரணை நீதிபதி அவ்வினாவை அனுமதிக்கவில்லை. காவலர் ஏட்டில் இல்லாத ஒன்றைச் சாட்சி கூண்டில் சொன்னால் அந்த விடுபாடு முரண்பாடாகுமா என்பது பெரிய வினாவாயிற்று. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி சுப்பா ராவ் நுட்பமாகப் பிரித்தார். விடுபாடெல்லாம் முரண்பாடன்று, எழுதப்பட்டிருப்பதே எழுதப்படாததை மறுக்குமாயின் மட்டும் முரண்பாடு. கறுத்த மனிதன் குத்தினான் என்று முன்பு சொல்லிச் சிவந்த மனிதன் குத்தினான் என்று பின்பு சொன்னால், சிவந்தவன் அல்லன் என்பதும் முன்சொல்லில் அடங்கியிருக்கின்றது. சிறுபான்மை நீதிபதிகள் குறுக்கு விசாரணையின் எல்லையை இன்னும் விரித்துக் காண விரும்பினர். 1973ஆம் ஆண்டுச் சட்டம், முக்கியமான விடுபாடு சூழ்நிலையைப் பொறுத்து முரண்பாடாகலாம் என்று ஒரு விளக்கமும் சேர்த்தது.

சுப்பா ராவின் பகுப்பு தருக்க நூலாசிரியர் ஒருவரை நினைவூட்டுகின்றது. ஆயினும் அதில் ஒரு குறை இருக்கின்றது. முன்சொல் என்று அவர் எடுத்துக்கொள்வது சாட்சியின் சொல்லேதான் என்ற நினைவில் இத்தருக்கம் நடக்கின்றது. அது அதிகாரியின் சுருக்கமாயின், கறுப்பும் சிவப்பும் யாருடைய சொற்கள்? 'மாநிறம்' என்று சாட்சி சொன்னதை அதிகாரி கறுப்பு என்று எழுதியிருக்கலாகாதா?

இவ்விடத்தில் அரபுக் கல்வியின் ஒரு கருவி நமக்குப் பயன்படும். ஹதீஸ் கலையினர் ஓர் அறிவிப்பாளரிடம் இரண்டைத் தனித்தனியே தேடினர். ஒன்று அதாலத், அதாவது நேர்மை. மற்றொன்று ளப்து, அதாவது கேட்டதைப் பிசகாமல் காக்கும் திறன். நேர்மையில் குறையில்லாத ஒருவர் நினைவில் தளர்ந்தவராக இருக்கலாம். ஒன்றிலுள்ள குறையை மற்றொன்றின் மேல் ஏற்றலாகாது. அதனோடு, சொல்லை அப்படியே அறிவிப்பதையும் பொருளை மட்டும் அறிவிப்பதையும் அவர்கள் பிரித்தறிந்தனர். சொற்களின் நுட்பத்தை அறியாதவர் பொருளை மட்டும் அறிவிக்கலாகாது என்பதில் கருத்து வேறுபாடில்லை என்று ஹிஜ்ரி 643இல் மறைந்த இப்னுஸ் ஸலாஹ் எழுதினார். அறிந்தவர்களும் பொருளை அறிவித்தபின் 'அவ் கமா கால' என்று சேர்ப்பது வழக்கம்: 'அல்லது அவர்கள் கூறியவாறு' என்பது அதன் பொருள். சொல் என்னுடையதாக இருக்கலாம் என்ற அறிவிப்பு அது. காவல் நிலையத்து வாக்குமூலம் எதன் அடியிலும் அப்படி ஒரு தொடர் இல்லை.

ஆயின் இந்த ஒப்பீட்டையும் எல்லை கடத்தலாகாது. இமாம் கராஃபி தம் 'அல்-ஃபுரூக்' நூலை, அறிவிப்புக்கும் சாட்சியத்துக்கும் உள்ள வேறுபாட்டோடுதான் தொடங்குகின்றார். அவ்வேறுபாட்டைத் தேடி ஏறத்தாழ எட்டாண்டு கழித்ததாகவும் சொல்கின்றார். அவர் கண்ட விடை, அறிவிப்பு எல்லாருக்கும் பொதுவான செய்தியைப் பற்றியது, சாட்சியமோ குறிப்பிட்ட ஒரு மனிதரைப் பற்றியது என்பது. குறிப்பிட்ட ஒருவர் என்றதும் பகைக்கும் பழிக்கும் இடமுண்டாகின்றது. ஆதலால் சாட்சியத்தில் கூடுதல் கண்டிப்பு வேண்டும். விவியன் போஸ் பகையைப் பற்றி எழுதியதும் இவ்வேறுபாட்டின் பாற்பட்டதே. எனவே குறுக்கு விசாரணையை மென்மையாக்குக என்று நாம் கேட்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதனினும் பெரிய காவல் வேறில்லை. பொய்யன் ஒருவனின் முரண்பாடும் எழுத்தரின் முரண்பாடும் ஏட்டில் ஒரே தோற்றத்தில் நிற்கின்றன என்பதுதான் நம் முறையீடு. அதனால் குற்றமற்றவருக்கும் தீங்கு உண்டு. 'எழுத்தர் பிழை' என்ற போர்வையில் பொய்யன் தப்பவும் கூடும்.

நீதிபதிகள் இதனை அறியாதவர் அல்லர். 1983இல் பர்வாடா போகின்பாய் ஹிர்ஜிபாய் எதிர் குஜராத் மாநிலம் என்ற வழக்கில் நீதிபதி எம்.பி. தக்கர், சிறு முரண்பாடுகளுக்கு ஏன் பெரிய மதிப்புத் தரலாகாது என்று காரணங்களை அடுக்கினார். மனித நினைவு நிழற்படம் அன்று. நிகழ்ச்சி எதிர்பாராமல் நேர்கின்றது. ஒருவர் கண்ணில் பட்டது மற்றவர் கண்ணில் படாது. பேசிய சொற்களை எவரும் அப்படியே நினைவில் வைப்பதில்லை. காலத்தையும் கால அளவையும் மக்கள் ஊகித்தே சொல்கின்றனர். நீதிமன்றச் சூழலில் மிரண்டு, அறிவிலி என்று எண்ணிவிடுவரோ என்றஞ்சி, இடைவெளியைக் கற்பனையால் நிரப்பும் நேர்மையான சாட்சிகளும் உண்டு. இப்பகுதியை எத்தனை முறை படித்தாலும் சலிப்பதில்லை. சட்டப் புத்தகத்தில் கிடைக்கும் நல்ல உளவியல் கட்டுரை அது.

ஆனால் அதே தீர்ப்பின் பிற்பகுதியில் தக்கர் சறுக்குகின்றார். வழக்கு, சிறுமியர் மீது நடந்த கொடுமை பற்றியது. மேலை நாட்டுப் பெண் எக்காரணங்களால் பொய்க் குற்றம் சாட்டக்கூடும் என்று ஒரு பட்டியல் இட்டு, இந்தியப் பெண் அவ்வாறு செய்வது அரிது என்று மற்றொரு பட்டியல் இடுகின்றார். முடிவு அச்சிறுமியருக்கு நன்மையாகவே அமைந்தது. எனினும், கூண்டில் நின்ற சாட்சியை விட்டுவிட்டு, நாட்டையும் குலத்தையும் எடைபோடும் வேலை இது. பெண்கள் என்பதால் ஐயுறுக என்ற பழைய நினைப்பைப் போஸ் விலக்கினார். பெண்கள், அதிலும் இந்நாட்டுப் பெண்கள் என்பதால் நம்புக என்று தக்கர் எழுதினார். இரண்டிலும் ஆள் மறைந்து வகை நிற்கின்றது. அவ்வகைக்குள் அடங்காத பெண் ஒருத்தி நாளை கூண்டேறினால் அவள் நிலை என்னவாகும் என்று கேளாமல் இருக்க இயலவில்லை.

மேல் நீதிமன்றங்கள் தம் குறையை உணர்ந்தே மற்றொரு விதியைப் போற்றி வந்துள்ளன. சாட்சியை நேரில் கண்டவர் விசாரணை நீதிபதி. ஆதலால் அவர் மதிப்பீட்டுக்கு உரிய இடம் தர வேண்டும் என்று 1934இல் ஷியோ ஸ்வரூப் வழக்கில் பிரிவி கவுன்சில் கூறிற்று. சாட்சியின் நடத்தை பற்றி நீதிபதி குறிப்பெழுதலாம் என்று சட்டமும் இடந்தருகின்றது. ஆனால் கண்ணீரும் தடுமாற்றமும் எதற்குச் சான்று? உண்மை பேசுபவரும் கூண்டில் நடுங்குவர். பழகிய பொய்யன் நிமிர்ந்து நிற்பான். நடத்தைக் குறிப்பைவிட வினாவைக் குறிப்பதுதான் பயன் தரும் என்பது நம் கருத்து. வழக்கின் உயிர்நிலை எங்கே இருக்கின்றதோ அங்கேனும் வினாவும் விடையுமாக எழுதுவதற்கு நீதிபதிக்கு முன்னமே அதிகாரம் உண்டு. புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. காவலர் முன் சாட்சி சொல்வதை ஒலி ஒளிப் பதிவாக எடுக்கவும் 2009 முதல் சட்டம் இடந்தருகின்றது. எடுக்கலாம் என்றுதான் சொல்கின்றது. எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை.

இன்னொரு வாயிலும் திறந்தே இருக்கின்றது. பதிவான சாட்சியத்தைச் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும். தேவையாயின் திருத்த வேண்டும். நீதிபதி திருத்த விரும்பாவிடில் சாட்சியின் மறுப்பையேனும் குறித்து வைக்க வேண்டும். அவருக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்டிருந்தால் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். பழைய சட்டத்தின் 278ஆம் பிரிவு இது. நூறு வழக்குகள் காத்திருக்கும் காலை வேளையில் இந்தப் படித்துக் காட்டல் எவ்வளவு நிதானமாக நடக்கும் என்பதை நீதிமன்றத் தாழ்வாரத்தில் நின்றவர் அறிவர். ஆயினும் நம் வீட்டார் எவரேனும் சாட்சியாக அழைக்கப்பட்டால், கையொப்பத்துக்குமுன் அதனைக் கேட்டுப் பெறுவது அவர் உரிமை. 'வெள்ளிக்கிழமை இரவு' என்று எழுதியிருந்தால், வியாழன் இரவு என்று அங்கேயே நின்று திருத்தச் சொல்லலாம். மாமா என்றால் எந்த மாமா என்று எழுதச் சொல்லலாம். மஃரிபு என்றால் மஃரிபு என்றே எழுதட்டும். அன்று சூரியன் மறைந்த நேரத்தைப் பஞ்சாங்கம் பார்த்து வழக்கறிஞர் கணக்கிட்டுக்கொள்வார்.